கிடப்பில் இருக்கும் டீசலைச் சோதிப்பது எப்படி? செட்டிநாட்டு வீடுகளுக்கும் கல்லூரி ஆய்வகங்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பல வருஷத்தில் பாதி நாள் பூட்டியே கிடக்கின்றன. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். கல்யாணம், அறுபதாம் கல்யாணம், கோயில் கும்பாபிஷேகம் என்றால்தான் குடும்பம் மொத்தமும் வந்து இறங்கும். அன்றைக்குக் கரண்ட் போனால் பின்கட்டில் நிற்கும் ஜெனரேட்டர்தான் துணை. அதன் டேங்கில் இருக்கும் டீசல் எப்போது வாங்கியது என்று வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் கேட்டால், "போன விசேஷத்துக்கு ஊத்துனதுண்ணே, பார்க்க நல்லாத்தான் இருக்கு" என்பார்.

பார்க்க நல்லா இருப்பது போதாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். எரிபொருள் கெடுவது ஒரு வேதிவினை. அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை அளக்க முடியும். சில சோதனைகளை வீட்டிலேயே செய்யலாம், சிலவற்றுக்கு வேதியியல் ஆய்வகம் வேண்டும். காரைக்குடிக்கு அது பெரிய குறை இல்லை. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953-ல் திறக்கப்பட்ட ஊர் இது. கல்லூரிகளில் வேதியியல் படித்த பிள்ளைகளுக்கும் பஞ்சமில்லை. நிலக்கரியிலிருந்து எடுக்கும் திரவங்களைப் பற்றியும் கீழே சொல்லியிருக்கிறேன். டீசல் மாதக்கணக்கில் மெல்லக் காட்டும் சீரழிவை அவை வெகு சீக்கிரம் காட்டிவிடும் என்பதால், மாணவர்களுக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது

டீசலில் இருக்கும் ஹைட்ரோகார்பன் மூலக்கூறு ஒன்று ஹைட்ரஜனை இழந்தால், மிச்சமிருப்பது காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். அது பக்கத்து மூலக்கூறிலிருந்து ஹைட்ரஜனைப் பறித்து ஹைட்ரோபெராக்சைடாக மாறும். பறிகொடுத்த மூலக்கூறு அதே வேலையை அடுத்ததிடம் செய்யும். இப்படிச் சங்கிலியாகப் போகும் வினை இது. ஹைட்ரோபெராக்சைடுகள் உடைந்து ஆல்டிஹைடு, கீட்டோன், கரிம அமிலம் எல்லாம் உருவாகின்றன. அப்புறம் அந்த அமிலங்களின் முன்னிலையில், சிறிதளவே இருக்கும் இண்டோல், பிர்ரோல் போன்ற நைட்ரஜன் சேர்மங்களும் பீனால்களும் ஒன்றோடொன்று பிணைந்து பெரிய மூலக்கூறுகளாகும். முதலில் நிறம் கருக்கும், பிறகு கரையாத பிசினாகப் படியும். ஃபில்டரை அடைப்பதும் இன்ஜெக்டர் ஊசியில் ஒட்டுவதும் இந்தப் பிசின்தான்.

இந்தியா முழுவதும் 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பாரத் ஸ்டேஜ் 6 டீசலில் கந்தகம் கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. காற்றுக்கு இது பெரிய நன்மை. ஆனால் கந்தகத்தை நீக்கும் ஹைட்ரஜன் சுத்திகரிப்பு, இயற்கையாகவே ஆக்சிஜனேற்றத்தைத் தடுத்துவந்த சில சேர்மங்களையும் சேர்த்தே எடுத்துவிடுகிறது. போதாததற்கு, 7 சதவீதம் வரை பயோடீசல் கலக்க டீசலுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 1460 இடம் தருகிறது. பயோடீசலில் இருக்கும் லினோலியிக் அமில எஸ்டர், ஒலியிக் எஸ்டரைவிடச் சுமார் 40 மடங்கு வேகமாக ஆக்சிஜனோடு வினைபுரியும். தண்ணீரையும் அது அதிகம் உறிஞ்சும்.

நம் வெயிலைக் கணக்கில் எடுங்கள்

சேமிப்பில் டீசல் எப்படி நடந்துகொள்ளும் என்று கண்டுபிடிக்க ஏஎஸ்டிஎம் என்ற அமெரிக்கத் தரநிலை அமைப்பு வகுத்த டி4625 என்றொரு சோதனை உண்டு. டீசலைக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றி 43 டிகிரி செல்சியஸ் அடுப்பில் வாரக்கணக்கில் வைப்பார்கள். அங்கே ஒரு வாரம் என்பது 21 டிகிரியில் சுமார் ஒரு மாதத்துக்குச் சமம் என்பது அதன் அடிப்படை.

இப்போது அக்னி நட்சத்திரத்தில் காரைக்குடியை நினைத்துப் பாருங்கள். நிழலிலேயே 40 டிகிரியைத் தொடுவது புதிதல்ல. தகரக் கூரை போட்ட ஜெனரேட்டர் கொட்டகைக்குள் அதையும் தாண்டும். அதாவது ஆய்வகத்தில் வேண்டுமென்றே முடுக்கிவிடும் வெப்பம் இங்கே சித்திரை, வைகாசியில் சும்மாவே கிடைக்கிறது. குளிர்நாட்டுக் கையேட்டில் "ஓராண்டு வரை தாங்கும்" என்று போட்டிருந்தால் அதை அப்படியே இங்கே நம்பாதீர்கள். கோடை ஒன்றைத் தாண்டிய டீசலைச் சோதிக்காமல் ஓட்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

படி 1: மாதிரி எடுப்பது

இதில் அவசரப்பட்டால் பின்னால் செய்யும் அத்தனை சோதனையும் வீண். டேங்கின் மேல்மட்டம், நடுமட்டம், அடிமட்டம் மூன்றிலிருந்தும் தனித்தனியாக எடுங்கள். அடிமட்ட மாதிரி எடுக்குமுன் டேங்கை ஆட்டவோ புதிதாக டீசல் ஊற்றவோ கூடாது. ஒரு நாள் அசையாமல் நிற்கட்டும். அடியில் வடிகால் திருகு இருந்தால் முதலில் வருவதை ஒரு புட்டியிலும், அதற்குப் பின் வருவதை வேறொரு புட்டியிலும் பிடியுங்கள்.

புட்டி பழுப்புக் கண்ணாடியாக இருந்தால் நல்லது. வெளிச்சம் பெராக்சைடு உருவாவதைத் தூண்டும். சோப்புத் தண்ணீரில் கழுவினால் நன்றாக அலசி, முழுக்கக் காயவைத்து, அதே டீசலால் ஒருமுறை அலம்பிவிட்டுத்தான் நிரப்ப வேண்டும். தேதி, டேங்க், மட்டம் மூன்றையும் ஒட்டி எழுதுங்கள்.

இன்னொன்று கட்டாயம். பங்கில் அன்று வாங்கிய புது டீசல் ஒரு புட்டி ஒப்பீட்டுக்கு வேண்டும். தனியாகப் பார்த்தால் எந்தப் பழைய டீசலும் நன்றாகத்தான் தெரியும்.

படி 2: வீட்டிலேயே பார்க்கக்கூடியவை

இரண்டு புட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பின்னால் வெள்ளைத் தாளில் ஒரு கறுப்புக் கோடு போட்டுப் பாருங்கள். கோடு கூர்மையாகத் தெரிய வேண்டும். மங்கல் இருந்தால் தண்ணீர் அல்லது நுண்துகள். புட்டியை இளஞ்சூடான தண்ணீரில் வைத்தால் மங்கல் தெளிகிறதா? அப்படியானால் அது பெரும்பாலும் தண்ணீர். சூடான டீசல் கூடுதல் நீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும், ஆறினால் கக்கிவிடும். பகலில் கொதித்து ராத்திரியில் ஆறும் டேங்க் தினமும் இப்படித்தான் அடியில் தண்ணீர் சேர்க்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரக்காற்றும் சேர்ந்துகொள்ளும். தரநிலை அனுமதிக்கும் நீர், கிலோவுக்கு 200 மில்லிகிராம் மட்டுமே.

அடிமட்ட மாதிரியில் தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவே கறுப்பாகவோ பழுப்பாகவோ வழவழப்பான படலம் தெரிந்தால் அது பூஞ்சை. ஹார்மோகோனிஸ் ரெசினே என்ற பூஞ்சை டீசலைத் தின்று தண்ணீரில் வாழும். தண்ணீர் இல்லையென்றால் அதற்கு வாழ்வில்லை. அதனால் பூஞ்சைக்கொல்லி தேடி அலைவதற்கு முன்னால் அடித்தண்ணீரை வடித்துவிடுங்கள்.

மணம் ஒரு நல்ல குறிப்பு. புளித்த வாடையோ வார்னிஷ் வாடையோ அடித்தால் ஆக்சிஜனேற்றம் நன்றாகவே நடந்திருக்கிறது. ஆவியை ஆழ்ந்து இழுக்காமல் கையால் வீசி முகர்ந்தால் போதும்.

அடர்த்தியையும் பாருங்கள். பங்கில் இருக்கும் 500 மில்லி ஜாடியும் ஹைட்ரோமீட்டரும்தான் கருவி. வாசிப்பை 15 டிகிரிக்கு மாற்றாமல் ஒப்பிடக் கூடாது. ஒவ்வொரு டிகிரி வெப்பத்துக்கும் டீசலின் அடர்த்தி கனமீட்டருக்குச் சுமார் 0.7 கிலோ குறையும். 15 டிகிரியில் 830 இருப்பது 35 டிகிரியில் ஏறக்குறைய 816 காட்டும். இதைப் பார்த்துவிட்டு "கலப்படம்" என்று பங்கில் சண்டைக்குப் போவது நியாயமில்லை. மாற்றிய பிறகு ரசீதில் உள்ள அடர்த்தியிலிருந்து 3-க்கு மேல் விலகினால்தான் கேள்வி. ஆனால் அடர்த்தி கலப்படத்தை மட்டும்தான் காட்டும். ஆக்சிஜனேற்றத்தால் கெட்ட டீசலின் அடர்த்தி பெரும்பாலும் மாறியிருக்காது.

கடைசியாக ஒரு வடிதாள் சோதனை. எண் 1 வாட்மேன் தாளில் பழைய டீசல் ஒரு லிட்டர், இன்னொரு தாளில் புது டீசல் ஒரு லிட்டர் வடியுங்கள். எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் தாளில் தங்கும் கறையையும் ஒப்பிடுங்கள். பழையது பாதியில் திணறி நின்றால் மேற்கொண்டு ஆய்வகம் தேவையே இல்லை. அந்த டீசலை இன்ஜினுக்குக் கொடுக்காதீர்கள்.

படி 3: பிசினை எடை போடுவது

எனக்கு ஒரே ஒரு சோதனைதான் அனுமதி என்றால் இதைத்தான் எடுப்பேன். நிறத்தை நம்பக் கூடாது. சில டீசல் நன்றாகக் கருத்தும் துளி வண்டல் இல்லாமல் இருக்கும், சிலது வெளிர் மஞ்சளாக இருந்துகொண்டே பிசின் போடும். கண் ஏமாறும், தராசு ஏமாறாது.

ஏஎஸ்டிஎம் டி2274 முறை இது. ஆக்சிஜனும் சூடும் சேரும் வேலை என்பதால் ஆய்வகத்தில், பயிற்சி உள்ளவர் மேற்பார்வையில் மட்டும் செய்ய வேண்டும்.

டீசலை முதலில் வடிகட்டி, அதில் 350 மில்லியைக் கண்ணாடிச் சோதனைக் கலத்தில் எடுங்கள். 95 டிகிரி குளியலில் வைத்து, மணிக்கு 3 லிட்டர் வீதம் ஆக்சிஜனைக் குமிழியாக விடுங்கள். 16 மணி நேரம் இது ஓட வேண்டும். குளியலின் வெப்பம் இடையில் இறங்கிவிட்டால் சோதனையைக் கைவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். முடிந்ததும் வெளிச்சம் படாமல் அறைவெப்பத்துக்கு ஆறவிட்டு, எடை போட்டு வைத்த 0.8 மைக்ரான் வடிதாளில் வடித்து, ஐசோ ஆக்டேனால் கழுவி, காயவைத்து எடை போடுங்கள். இது வடிபிசின்.

அத்தோடு நிறுத்திவிடக் கூடாது. கலத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டதும் பிசின்தான். அதை டொலுவீன், அசிட்டோன், மெத்தனால் மூன்றும் சம அளவு கலந்த கரைப்பானில் கரைத்து, ஆவியாக்கி, மீதியை எடை போடுங்கள். இது ஒட்டுபிசின். இன்ஜெக்டரில் பூச்சாகப் படிவதற்கு நெருக்கமானது இதுவே.

ஒரு கணக்கு பார்ப்போம். வடிபிசின் 4.2 மி.கி., ஒட்டுபிசின் 2.8 மி.கி. என்றால் மொத்தம் 7.0. அது 350 மில்லிக்கு. 3.5-ஆல் வகுத்தால் 100 மில்லிக்கு 2.0 மி.கி., அதாவது கனமீட்டருக்கு 20 கிராம். நம் டீசல் தரநிலையின் உச்சவரம்பு 25 கிராம். தேறிவிட்டது, ஆனால் மயிரிழையில். இப்படிப்பட்ட டீசலை இன்னொரு கோடைக்கு வைத்திருக்க வேண்டாம், அடுத்த விசேஷத்துக்கே ஓட்டித் தீர்த்துவிடுங்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது: முதலிலேயே வடித்துவிடுவதால், இந்த முறை இனிமேல் எவ்வளவு பிசின் உருவாகும் என்பதைத்தான் சொல்கிறது. ஏற்கெனவே உருவானதை அறிய, சூடுபடுத்தாத மாதிரியைத் தனியே வடித்து எடை போட வேண்டும். இரண்டு எண்ணும் பக்கத்தில் இருந்தால்தான் முழு நிலவரம் தெரியும்.

படி 4: அமில எண்ணும் பெராக்சைடு எண்ணும்

பிசின் விழுவதற்கு முன்பே எச்சரிக்கும் எண்கள் இவை. அமில எண்ணுக்கு, டீசலை டொலுவீனும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் சிறிது தண்ணீரும் சேர்ந்த கரைப்பானில் கலந்து, ஆல்கஹாலில் கரைத்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடால் தரம்பார்ப்பார்கள், அதாவது அமிலம் முழுதும் நடுநிலையாகும்வரை சொட்டுச் சொட்டாக விட்டு அளப்பார்கள். செலவான மில்லி லிட்டரிலிருந்து வெற்றுச் சோதனையின் (டீசல் சேர்க்காமல் கரைப்பானை மட்டும் சோதிப்பது) அளவைக் கழித்து, செறிவாலும் 56.1-ஆலும் பெருக்கி, மாதிரியின் கிராம் எடையால் வகுக்க வேண்டும். 10 கிராம் மாதிரிக்கு 0.05 நார்மல் கரைசல் 0.42 மில்லியும் வெற்றுச் சோதனைக்கு 0.10 மில்லியும் ஆனால், விடை கிராம் டீசலுக்கு 0.09 மி.கி. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. ஒரு தடவை எடுத்த எண்ணைவிட, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து அது ஏறுகிறதா என்று பார்ப்பதில்தான் பயன்.

பெராக்சைடு எண் அயோடின் தரம்பார்த்தல். பெராக்சைடு, பொட்டாசியம் அயோடைடிலிருந்து அயோடினை விடுவிக்கும், அதைச் சோடியம் தயோசல்பேட்டால் அளக்கலாம். இந்த எண் ஏறி, உச்சம் தொட்டு, பிறகு இறங்கும். இறங்கினால் டீசல் தேறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பெராக்சைடு உடைந்து அமிலமாகிவிட்டது என்று பொருள். அதனால் இரண்டு எண்ணையும் எப்போதும் சேர்த்தே படியுங்கள்.

படி 5: நிலக்கரியிலிருந்து வந்த திரவங்கள்

ஒரு தலைமுறைக்கு முன் சமையலறை இரும்பு அடுப்புகளில் எரிந்த லெக்கோ கரி பலருக்கு நினைவிருக்கும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியைக் காற்றில்லாமல் சுட்டுச் செய்தது அது. அப்படிச் சுடும்போது வெளியேறும் ஆவி குளிர்ந்தால் தார் கிடைக்கும். தாரிலிருந்து பீனால், கிரிசால், சைலினால் எல்லாம் வரும்.

நிலக்கரியை எண்ணெயாக்குவது உலகுக்குப் புதிதல்ல. ஃபிரீட்ரிக் பெர்கியுஸ் உயர் அழுத்த ஹைட்ரஜனைக் கொண்டு அதைச் செய்து காட்டினார். 1931-ல் கார்ல் போஷோடு சேர்ந்து நோபல் பரிசும் பெற்றார். கரியை வாயுவாக்கி அதிலிருந்து எண்ணெய் கட்டும் ஃபிஷர்-டிராப்ஷ் முறை 1920-களில் வந்தது. இந்த இரண்டு எண்ணெயும் சேமிப்பில் நேர் எதிராக நடந்துகொள்ளும். ஃபிஷர்-டிராப்ஷ் டீசலில் கந்தகமும் இல்லை, நைட்ரஜனும் இல்லை, வளைய ஹைட்ரோகார்பனும் அநேகமாக இல்லை. அதனால் பிசின் போடுவது அரிது. ஆனாலும் இயற்கைத் தடுப்பான்கள் இல்லாததால் பெராக்சைடு கட்டக்கூடும். கரியை நேரடியாகத் திரவமாக்கிய எண்ணெயோ, கந்தகம், நைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றையும் சுமந்துகொண்டு வருகிறது. கச்சா எண்ணெயில் ஒரு கார்பனுக்கு ஏறக்குறைய 1.8 ஹைட்ரஜன் என்றால், நிலக்கரியில் 0.8 அளவுதான். அந்த ஹைட்ரஜன் பசிதான் அதன் நிலையின்மைக்கு வேர்.

மாணவர்கள் செய்து பார்க்க வேண்டியது அமில, கார, நடுநிலைப் பிரிப்பு. தார் வடிப்பில் 170 முதல் 230 டிகிரி வரை வரும் நடு எண்ணெயைக் கரைப்பானில் கரைத்து, பிரிபுனலில் 10 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடோடு குலுக்கினால் பீனால்கள் நீரடுக்குக்குப் போய்விடும். அந்த நீரடுக்கை அமிலமாக்கினால் பீனால்கள் எண்ணெயாகத் திரும்பி வரும். மிச்ச எண்ணெயை நீர்த்த கந்தக அமிலத்தோடு குலுக்கினால் பிரிடின், குயினோலின் வகைக் காரங்கள் பிரியும். கடைசியில் நிற்பது நடுநிலை எண்ணெய்.

இப்போது முழு எண்ணெய் ஒரு புட்டி, பீனால் நீக்கியது ஒரு புட்டி, காரமும் நீக்கியது ஒரு புட்டி என்று 43 டிகிரியில் வையுங்கள். வாரந்தோறும் பாகுநிலையை அளங்கள். முழு எண்ணெய் தடித்துக்கொண்டே போகும், நடுநிலை எண்ணெய் நெடுநாள் அப்படியே இருக்கும். எந்தக் கூட்டம் எண்ணெயைக் கெடுக்கிறது என்பதைக் கையாலேயே பிரித்துக் காட்டும் சோதனை இது. வேலிக்காலின் அடியில் தார் பூசினால் கரையான் அண்டாததற்கும் அதே பீனால்களுக்குப் பங்குண்டு. மரத்தைக் காக்கும் பொருள் எரிபொருளுக்குப் பகையாகிறது.

தடித்த எண்ணெயை இன்னும் பகுக்க, கரைதிறன்படி மூன்றாகப் பிரியுங்கள். ஹெக்சேனில் கரைவது எண்ணெய், ஹெக்சேனில் கரையாமல் டொலுவீனில் கரைவது அஸ்பால்டீன், டொலுவீனிலும் கரையாமல் டெட்ராஹைட்ரோஃபியூரானில் மட்டும் கரைவது முன்-அஸ்பால்டீன். நாள் ஆக ஆக எண்ணெய்ப் பங்கு குறைந்து மற்ற இரண்டும் ஏறுவதைப் பார்க்கலாம். கையுறையும் ஆவி உறிஞ்சு அறையும் இல்லாமல் தாரைத் தொடவே கூடாது. அதில் புற்றுநோய் உண்டாக்கும் பென்சோபைரீன் இருக்கிறது.

படி 6: பாய்லருக்கு ஃபர்னஸ் ஆயில் வைத்திருப்பவர்களுக்கு

மில்களுக்கு ஒரு சிறு குறிப்பு போதும். பழைய ஆயிலின் மேல் வேறு இடத்து ஆயிலையோ டீசலையோ ஊற்றுமுன், இரண்டையும் சம அளவு கலந்து, 100 டிகிரிக்குச் சூடாக்கி, வடிதாளில் ஒரு சொட்டு விட்டு, ஒரு மணி நேரம் அடுப்பில் காயவிடுங்கள். கறை சீராகப் பரவினால் சரி. நடுவில் கறுப்பு வளையம் கட்டினால் அஸ்பால்டீன் பிரிந்துவிட்டது, அந்தக் கலவை டேங்கில் சேறாகும்.

படி 7: சேமிப்பு

செம்பும் பித்தளையும் டீசலைத் தொடக் கூடாது. ஆக்சிஜனேற்றத்தை முடுக்கும் உலோகங்களில் செம்பு மிக மோசமானது. வீட்டில் பெரிய பித்தளை அண்டா சும்மா இருக்கிறதே என்று அதில் ஊற்றி வைக்காதீர்கள். செம்புக் குழாய், பித்தளை வால்வு இருந்தால் மாற்றுங்கள். துத்தநாகம் பூசிய ஜிஐ டிரம்மும் வேண்டாம். சாதாரண இரும்பு அல்லது எவர்சில்வர் நல்லது.

டேங்கை நிரப்பியே வையுங்கள். மேலே காற்று குறைந்தால் ஆக்சிஜனும் ஈரமும் குறையும். தகரக் கூரைக்கு மேல் கீற்று வேய்வது அல்லது வெள்ளை அடிப்பது, விலை உயர்ந்த எந்த மருந்தைவிடவும் பலன் தரும். பியூட்டைலேட்டட் ஹைட்ராக்ஸி டொலுவீன் போன்ற தடுப்பானைச் சேர்ப்பதென்றால் டீசல் புதிதாக இருக்கும்போதே சேர்க்க வேண்டும். அது சங்கிலி வினையை நிறுத்தும், ஏற்கெனவே உருவான பிசினைக் கரைக்காது. "பழைய டீசலைப் புதிதாக்கும்" என்று விற்கும் புட்டிகளுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

சட்டத்தையும் பாருங்கள். உரிமம் இல்லாமல் ஓரிடத்தில் டீசல் 2,500 லிட்டர் வரைதான் வைக்கலாம், அதிலும் எந்தக் கலனும் 1,000 லிட்டரைத் தாண்டக் கூடாது. பெட்ரோலை விசேஷத்துக்கென்று வாங்கிச் சேர்த்து வைக்கவே வேண்டாம். எத்தனால் கலந்த பெட்ரோல் தண்ணீரைக் கண்டால் இரண்டு அடுக்காகப் பிரிந்துவிடும்.

படி 8: தேறாத டீசல்

லேசாக மங்கியது, பிசின் வரம்புக்குள் இருப்பது என்றால், அடித்தண்ணீரை வடித்து, நன்றாக வடிகட்டி, புது டீசல் பெரும்பங்காகக் கலந்து உடனே ஓட்டிவிடலாம். கலக்குமுன் சிறு புட்டியில் அதே விகிதத்தில் கலந்து ஒரு நாள் வைத்துப் பாருங்கள், புதிதாக வண்டல் விழக் கூடாது.

பிசின் வரம்பைத் தாண்டினாலோ, வார்னிஷ் வாடை அடித்தாலோ மொத்தமும் வெளியே போகட்டும். தோட்டத்திலோ வடிகாலிலோ ஊற்றாதீர்கள். இந்த ஊர்களில் மழைநீர் சரிந்து போய்ச் சேருவது ஊருணியில். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி பெற்ற கழிவெண்ணெய் மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். டேங்கின் உள்சுவரைத் துடைத்து, அடிச்சேற்றை அள்ளி, ஃபில்டரை மாற்றிய பிறகே புது டீசல் ஊற்ற வேண்டும். பழைய பிசின் சுவரில் இருந்தால் புது டீசலும் சீக்கிரம் கெடும். ஊற்றிய தேதியை டேங்கின் மேலேயே பெயின்டால் எழுதிவிடுங்கள், அடுத்த மாதிரி எடுக்க வேண்டிய மாதத்தையும் பக்கத்திலேயே.